பிராங்கியோலைட்டிஸ் வந்த கைக்குழந்தைக்கு நெபுலைசர்: உங்கள் அனுபவம் என்ன?

இரண்டு பிள்ளைகளின் அம்மா

என் மகளுக்கு பிராங்கியோலைட்டிஸ், அதாவது நுரையீரலின் சின்ன மூச்சுக்குழாய்கள் வைரஸால் வீங்கும் நோய், வந்தபோது நான்கு மாதம். முதலில் வெறும் மூக்கொழுகல்தான். மூன்றாம் நாள் ராத்திரி மூச்சு வேகமாகி, விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்ளே இழுத்தது. நெஞ்சில் விசில் மாதிரி சத்தம். மூத்தவனுக்கு ஆஸ்துமா என்பதால், மருந்தைப் புகை மாதிரி ஆக்கி மாஸ்க் வழியாக மூச்சில் கொடுக்கும் நெபுலைசர் வீட்டில் உண்டு. அவனுக்கு சல்பூட்டமால் என்ற ஆஸ்துமா மருந்தை வைத்தால் கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்துவிடும். அந்த நம்பிக்கையில் டாக்டரைக் கேட்காமலே பாப்பாவுக்கும் மாஸ்க்கை வைத்துவிட்டேன். செய்திருக்கவே கூடாது. வீறிட்டு அழுதாள், கை கால் நடுங்கியது, நெஞ்சுத் துடிப்பை எண்ணவே முடியவில்லை. இழுப்பு மட்டும் குறையவில்லை.

அவசரப் பிரிவில் ஆக்சிஜன் அளவு பார்த்தார்கள், மூக்குச் சளியை உறிஞ்சி எடுத்தார்கள். நெபு வைக்கவில்லை. நான் சண்டைக்கே போய்விட்டேன். டாக்டர் பொறுமையாக உட்கார்ந்து சொன்னார்: "உங்கள் பையனுக்கு மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, மருந்து அதைத் தளர்த்துகிறது. பாப்பாவுக்கு வைரஸால் சின்னக் குழாய்களின் உள்சுவர் வீங்கி, சளி அடைத்திருக்கிறது. இந்த மருந்து வீக்கத்தையும் சளியையும் எடுக்காதும்மா."

ஐந்தாம் நாள்தான் மிக மோசம். இரண்டு நாள் ஆக்சிஜன் வைத்தார்கள். பால் கொடுக்கும் முன் மூக்கில் சலைன் சொட்டு விட்டு சளியை எடுப்பார்கள், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி பால். இந்த வயதில் குழந்தை பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடும், மூக்கு அடைத்தால் பாலும் குடிக்காது. மூக்கு திறந்ததும் அவள் வாய் வைத்துக் குடித்ததை என்னால் மறக்க முடியாது. ஏழாம் நாள் வீட்டுக்கு வந்தோம். இருமல் போக மூன்று வாரம் ஆனது.

ஆறு மாத மகனின் அப்பா

எங்களுக்கு வேறு மாதிரி. வார்டில் சேர்த்த பிறகு 3 சதவீத உப்புநீரை நெபுலைசரில் வைத்தார்கள். கெட்டிச் சளியை இளக்குவதற்காம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2014 வழிகாட்டுதல், இதை அவசரப் பிரிவில் வேண்டாம் என்றும், வார்டில் சேர்ந்த குழந்தைக்கு வேண்டுமானால் கொடுக்கலாம் என்றும் சொல்வதாக டாக்டர் விளக்கினார். வைத்ததும் இருமி இருமிச் சளி வந்தது. ஆனால் அது ஆறாம் நாள். நோய் தானாகவே இறங்கும் நேரம். அதனால் உப்புநீர்தான் குணப்படுத்தியது என்று நான் சொல்ல மாட்டேன். தயவுசெய்து வீட்டில் உப்பைக் கரைத்து முயற்சி செய்யாதீர்கள்.

குழந்தைகள் வார்டு நர்ஸ்

இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இன்னும் கண்டிப்பானது. பிராங்கியோலைட்டிஸுக்கு சல்பூட்டமால், அட்ரினலின், அடர்ந்த உப்புநீர் எதுவும் வேண்டாம் என்கிறது. "பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு அட்ரினலின் நெபு வைத்ததும் சரியானதே" என்று பலர் கேட்பார்கள். விசாரித்தால் அது பெரும்பாலும் குரைப்பது போல் இருமும் கிரூப்பாக இருக்கும். அங்கே வீக்கம் குரல்வளைப் பக்கம், அட்ரினலின் நிஜமாகவே உதவும். இது வேறு நோய். இன்னொன்று: அழும் குழந்தையின் நுரையீரலுக்கு நெபு மருந்து மிகக் குறைவாகத்தான் போய்ச் சேரும். நெபு வைக்காததைப் பார்த்துக் கவனிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். நாங்கள் மூச்சை ஒரு நிமிடம் முழுக்க எண்ணுகிறோம், பால் அளவை எழுதுகிறோம், நனைந்த டயப்பரைக் கணக்கு வைக்கிறோம். அதுதான் இந்த நோய்க்கான வைத்தியம்.

புதிய அம்மா

என் மகனுக்கு ஏழு வாரம். இன்று மூன்றாம் நாள். காலையில் பார்த்த டாக்டர் நெபு வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். இப்போது வழக்கமான பாலில் பாதிகூடக் குடிக்கவில்லை. பயமாக இருக்கிறது.

குழந்தைகள் வார்டு நர்ஸ்

நெபு வேண்டாம் என்றது சரிதான். ஆனால் பால் பாதிக்குக் கீழே போனால் திரும்பக் காட்ட வேண்டும், அதுவும் ஏழு வாரக் குழந்தை. இப்போதே கிளம்புங்கள். முனகல், உதடு நீலமாவது, மூச்சு நடுவில் நிற்பது என்று எது தெரிந்தாலும் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

புதிய அம்மா

போய்விட்டோம் சிஸ்டர். ஆக்சிஜன் அளவு 95 சதவீதம். இன்று ராத்திரி இங்கேயே வைத்துப் பார்க்கிறார்கள். மூக்கைச் சுத்தம் செய்ததும் 30 மில்லி குடித்தான், இப்போது என் மடியில் தூங்குகிறான்.