லெ குவினின் ‘ஹீ’: விமர்சனம் நியாயமா? தமிழில் ‘அவர்’ போட்டால் தீர்ந்ததா?

கால்புள்ளி (கேள்வி)

அர்சுலா லெ குவினின் ‘தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னெஸ்’ (1969) பற்றி விமர்சனக் கட்டுரை எழுதுகிறேன். கெத்தன் கோளில் ஆண், பெண் என்று யாரும் நிரந்தரமாக இல்லை. மாதம் ஒருமுறை ‘கெம்மர்’ வரும் சில நாட்களில் மட்டும் உடல் ஏதோ ஒரு பக்கம் சாயும். ஆனாலும் நாவல் முழுக்க அவர்களுக்கு ‘ஹீ’தான் (அவன்), அதனால் எல்லோரும் ஆண்களாகவே தெரிகிறார்கள் என்பது விமர்சனம். கதைசொல்லி கென்லி ஐ பூமியிலிருந்து வந்த ஆண், இது அவன் பார்வைக் கோளாறு என்று சொல்லி நாவலைக் காப்பாற்றலாமா? இன்னொரு சந்தேகம்: தமிழில் மேற்கோள் தரும்போது ‘அவர்’ என்று எழுதிவிட்டால் சிக்கலே காணாமல் போகிறதே, அது சரியா?

பின்னட்டை

பார்வைக் கோளாறு வாதம் பாதி தூரம்தான் வரும். அதற்கு வலுவான சான்று 5ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. தான் குடியிருக்கும் வீட்டைப் பார்த்துக்கொள்பவரை, அவர் பின்பக்கம் அசைய நடப்பதையும் அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பதையும் வைத்து, கென்லி மனதுக்குள் ‘வீட்டுக்காரம்மா’ ஆக்கிவிடுகிறான். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால், வயிற்றில் சுமந்து பெற்றது ஒன்றுமில்லை, ஆனால் நான்கு பிள்ளைகளுக்குத் தகப்பன் என்று பதில் வருகிறது. இங்கே ஆசிரியர் கென்லியைத்தான் கிண்டல் செய்கிறார், சந்தேகமே இல்லை.

ஆனால் 6, 11, 14, 16 ஆகிய அத்தியாயங்கள் கென்லிக்குத் துணைநிற்கும் கெத்தனிய அரசியல்வாதி எஸ்ட்ராவனே எழுதியவை. அங்கும் சக கெத்தனியர்கள் ‘ஹீ’தான். கென்லி பிறப்பதற்கு முந்தைய நாட்டுப்புறக் கதைகளிலும் ‘ஹீ’. 7ஆம் அத்தியாயக் களக்குறிப்பை எழுதிய, கென்லிக்கு முன்பே கெத்தனை ஆராய வந்த ஓங் டாட் ஒப்போங் ஒரு பெண். அவரும் ‘ஹீ’ போடுகிறார், போடுவதற்கு நியாயமும் சொல்கிறார். மொத்த ஆவணங்களையும் தொகுத்தவன் கென்லி, ஆகவே எல்லாமே அவன் மொழி என்று இழுத்துப் பிடிக்கலாம். இழுத்துப் பிடிப்பது அது என்பதைக் கட்டுரையிலேயே ஒப்புக்கொண்டு விடுங்கள், இல்லாவிட்டால் படிப்பவர் முதல் கேள்வியாக அதைத்தான் கேட்பார்.

நூலாம்படை

பின்னட்டை சொன்னதோடு ஒன்று. பிரதிப்பெயரிலேயே தங்கிவிட்டால் கட்டுரை சப்பென்று போகும். பெண்ணிய அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஜோன்னா ரஸ் எழுப்பிய ஆட்சேபம் இன்னும் ஆழமானது: எஸ்ட்ராவன் செய்வது என்ன? அரசவை அரசியல், நாடு கடத்தல், தப்பியோட்டம், பனிப்பாளத்தின் மேல் வண்டி இழுத்தல். குழந்தைக்குச் சோறூட்டும் கெத்தனியரை நாவலில் தேடிப் பாருங்கள். எஸ்ட்ராவனைத் தாயாக, பிள்ளைகளோடு, நாம் பெண்ணுக்கு ஒதுக்கும் எந்த இடத்திலும் காட்டவில்லை என்று லெ குவினே பிறகு ஒத்துக்கொண்டார். எல்லா ‘ஹீ’யையும் அழித்து வேறு எதைப் போட்டாலும் இந்தக் குறை அப்படியே நிற்கும்.

லெ குவினை மேற்கோள் காட்டும்போது வருடம் பாருங்கள். பலர் வழுக்கும் இடம் இதுதான். ‘இஸ் ஜெண்டர் நெசசரி?’ கட்டுரை 1976இல் வந்தது. அதில் ‘ஹீ’ பொதுச்சொல்தான், புதுச்சொல் செய்து ஆங்கிலத்தைக் கெடுக்கமாட்டேன் என்று விறைப்பாக நிற்கிறார். பத்தாண்டு கழித்து அதே கட்டுரையை அழிக்காமல், பக்கத்திலேயே மறுப்புக் குறிப்புகள் எழுதிச் சேர்த்தார். அதில் பழைய நிலையைக் கைவிடுகிறார். கெத்தனியர்களை ஆண்-பெண் இணைக்குள் மட்டும் பூட்டிவைத்ததும் தவறு என்கிறார். 1976 வரியை மட்டும் எடுத்து ‘லெ குவின் கருத்து’ என்று எழுதினால் பாதி உண்மைதான்.

படிக்கும் வரிசை: நாவல், 1976 கட்டுரை, ‘விண்டர்ஸ் கிங்’ கதையின் இரு வடிவங்கள் (1969இல் ‘ஹீ’, 1975 தொகுப்பில் ‘ஷீ’, ஆனால் ‘கிங்’ அப்படியே), மறுப்புக் குறிப்புகள், கடைசியாக 1995இன் ‘கமிங் ஆஃப் ஏஜ் இன் கார்ஹைட்’. கடைசிக் கதையைச் சொல்வது ஒரு கெத்தனியர். குடும்பம், பிள்ளைகள், முதல் கெம்மர் எல்லாம் உள்ளிருந்து வருகிறது. 26 வருடம் கழித்து அவர் தனக்கே எழுதிக்கொண்ட பதில் என்று அதை வாசிக்கலாம்.

ஒற்றெழுத்து

தமிழ்க் கேள்வியை யாரும் தொடவில்லையே. ‘அவர்’ போட்டால் தீராது. ஒன்றை அடைத்தால் மூன்று இடத்தில் ஒழுகும்.

முதலாவது, மரியாதை. கென்லி ‘அவன்’, எஸ்ட்ராவன் ‘அவர்’ என்று எழுதினால் வாசகர் அதைப் பால் வேறுபாடாக எடுக்கமாட்டார். வயது, பதவி என்றுதான் எடுப்பார். இருவரையும் ‘அவர்’ ஆக்கினால் கென்லி ஆண் என்பதே மங்கிவிடும். நாவலோ அதன்மேல்தான் நிற்கிறது. பனிக்கூடாரத்தில் இருவரும் நெருங்கும் இடத்திலும் ‘அவர்’ ஒரு முழம் தள்ளியே நிற்கும்.

இரண்டாவது, வினைமுற்று. ஆங்கிலத்தில் ‘ஹீ’யைத் தவிர்த்தால் வேலை முடிந்தது. நமக்குப் படர்க்கையில் வந்தான், வந்தாள், வந்தார் என்று வினைமுற்றும் பாலையோ மரியாதையையோ சொல்லித்தான் முடியும்.

மூன்றாவது, அதிர்ச்சி. நாவலில் கர்ப்பமாகும் அரசனைப் பற்றிய வரியை ‘அரசர் கர்ப்பமாக இருந்தார்’ என்று பெயர்த்தால் வாசகர் அரசியோ என்று நினைத்துக் கடந்துவிடலாம். ‘அரசன் கர்ப்பமாக இருந்தான்’ என்றால்தான் தூக்கிவாரிப் போடும். ஆக, ஆண்பால் அங்கே தேவைப்படுகிறது!

கைகொடுப்பவை: எஸ்ட்ராவனின் பகுதிகளில் ‘நான் வந்தேன்’ என்பதற்குப் பால் கிடையாது. தன், தனக்கு ஆகியவற்றுக்கும் இல்லை. மகன், சகோதரன் வரும் இடங்களில் பிள்ளை, உடன்பிறந்தவர். ஒப்போங் ‘இட்’ வேண்டாம் என்கிறார், ஆனால் ‘குழந்தை அழுதது’ என்பது நமக்கு இழிவல்ல. கட்டுரையில் ஒரே பத்தியை (அந்த வீட்டுக்காரம்மா பத்தியே போதும்) அவன், அவள், அவர் என்று மூன்று விதமாகப் பெயர்த்து அருகருகே வையுங்கள். ‘அவள்’ வடிவில் கென்லி மீதான கிண்டல் செத்துவிடும்.

கால்புள்ளி

நன்றி. ஒப்போங் ‘ஹீ’க்குச் சொல்லும் நியாயம் என்ன? கையில் பிரதி இல்லை.

ஒற்றெழுத்து

அனைத்துக்கும் அப்பாற்பட்ட கடவுளை ஆண்பாலில் சுட்டும் அதே காரணம்தான் என்கிறார்: ‘ஷீ’யையும் ‘இட்’டையும் விட அது குறைவாக வரையறுக்கிறதாம். இதோடு தொல்காப்பியம் கிளவியாக்கத்தின் 4ஆம் நூற்பாவைச் சேர்த்துப் படியுங்கள். ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயரையும் தெய்வத்தின் பெயரையும் ஒரே நூற்பாவில் வைத்து, இவற்றுக்கெனத் தனி ஈறு இல்லை, உயர்திணை ஈறுகளாலேயே பால் பிரிந்து ஒலிக்கும் என்கிறது. ஆண்-பெண் வரையறைக்குள் அடங்காதவரும் கடவுளும்: ஒப்போங் சேர்த்து வைத்த அதே இரண்டு பேர், ஒரே பந்தியில். கட்டுரையை அங்கிருந்தே தொடங்கலாம்.