‘வாஷ்டு’, ‘நேச்சுரல்’, ‘ஹனி’: காப்பிப் பதப்படுத்தலுக்குக் கலைச்சொல் தேடிய மடல்கள்

மடல் 1: மொழிபெயர்ப்பாளர்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு வணக்கம்.

காப்பியைச் சுவைத்தறியப் பழகும் தொடக்கநிலை மாணவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வரும் வெள்ளிக்கிழமை அது அச்சுக்குப் போயாக வேண்டும்; நானோ மூன்றாம் இயலிலேயே நிற்கிறேன். பறித்த பழத்திலிருந்து கொட்டையைப் பிரித்து உலர்த்தும் முறை சுவையை எவ்வாறு மாற்றுகிறது என்பதே அந்த இயலின் பொருள். முதல் வரைவில் ‘வாஷ்டு’ என்பதைக் ‘கழுவிய காப்பி’ என்றும், ‘நேச்சுரல்’ என்பதை ‘இயற்கைக் காப்பி’ என்றும், ‘ஹனி’ என்பதைத் ‘தேன் காப்பி’ என்றும் எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த மாணவி ஒருத்தி, இயற்கைக் காப்பி என்றால் பூச்சிமருந்து தெளிக்காமல் விளைந்ததா என்றும், தேன் காப்பியில் தேனை எந்தக் கட்டத்தில் கலப்பார்கள் என்றும் கேட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. என் சொற்கள்தாம் அவளை அங்கே கொண்டுபோய் விட்டன. ‘மியூசிலேஜ்’, ‘பார்ச்மென்ட்’ ஆகியவற்றுக்கும் சொல் வேண்டும். உதவுங்கள்.

மடல் 2: காப்பி வறுப்பவர்

அம்மா, வணக்கம். சொல்லைத் தேடுவதற்கு முன் பொருளைப் பிரித்துப் பார்த்துவிடலாம். காப்பிப் பழத்தின் மேலே தோல் இருக்கிறது. அதற்கடியில் மெல்லிய சதையும், பெக்டின் என்னும் கூழ்ப்பொருள் நிறைந்த வழுவழுப்பான படலமும் இருக்கின்றன. அந்தப் படலம்தான் மியூசிலேஜ். அதற்கும் உள்ளே கொட்டையை மூடியிருக்கும் காய்ந்த காகிதம் போன்ற உறை பார்ச்மென்ட். கடைசியாகக் கொட்டையோடு ஒட்டிய வெள்ளிநிறத் தோல். வறுக்கும்போது பறப்பது அதுதான்.

வாஷ்டு முறையில் தோலைப் பிதுக்கி எடுத்துவிட்டு, கொட்டைகளைத் தொட்டியில் பெரும்பாலும் 12 முதல் 36 மணி நேரம் வரை நொதிக்க விடுவார்கள். நுண்ணுயிர்களின் நொதிகள் பெக்டினைச் சிதைத்து வழுவழுப்பைத் தளர்த்தியபின் நீரில் அலசி, உறையோடு உலர்த்துவார்கள். நேச்சுரல் முறையில் பழத்தை எதுவும் செய்யாமல் அப்படியே பரப்பி, மூன்று நான்கு வாரங்கள் புரட்டிப் புரட்டிக் காயவைப்பார்கள். எத்தியோப்பியாவிலும் ஏமனிலும் நெடுங்காலமாக இருந்து வரும் முறை இது. ஹனி முறையில் தோல் மட்டும் போகும், வழுவழுப்பு கொட்டையிலேயே காயும். கோஸ்டா ரிக்காவில் அந்த வழுவழுப்பை ஸ்பானிய மொழியில் ‘மியெல்’, அதாவது தேன், என்று சொல்வார்கள். பெயர் வந்த வழி அவ்வளவுதான். தேனீக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை.

குவளையில் இதன் விளைவைப் பொதுவாக இப்படிச் சொல்லலாம். வாஷ்டு காப்பியில் சிட்ரிக், மாலிக் அமிலங்களின் துலக்கமான புளிப்பும், ஒரு சுவை இன்னொன்றை மறைக்காத தெளிவும் தெரியும். நேச்சுரலில் கனிந்த பழத்தின் மணமும் இனிப்பும் நாவில் தங்கும் கனமும் மிகும். உலர்த்தியவர் கவனம் தவறியிருந்தால் சாராய நெடியும் பூஞ்சை வாடையும் கூடவே வரும். ஹனி இவற்றுக்கு இடையில் நிற்கும்.

‘உலர்முறை’, ‘ஈரமுறை’ என்று பிரிக்கலாம் என யாரேனும் எழுதுவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எல்லாக் காப்பியும் உலர்த்தப்படுகிறது. ஈரப்பதம் ஏறத்தாழ 11 சதவீதத்துக்கு இறங்காமல் எந்தக் கொட்டையும் கிடங்குக்குப் போகாது. வேறுபாடு தண்ணீரில் இல்லை. உலரும்போது கொட்டையின் மேல் பழத்தின் எவ்வளவு பகுதி மிஞ்சியிருந்தது என்பதில்தான் இருக்கிறது.

மடல் 3: ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அன்புடையீர், வணக்கம். வறுப்பவர் தெளிவாக எழுதியிருக்கிறார். ஆயினும் கலைச்சொல் என்பது விளக்கவுரை அன்று. ஒரே மூச்சில் சொல்லத்தக்க தொகையாக அது அமைய வேண்டும். நம்மிடம் வினைத்தொகை என்னும் அரிய கருவி இருக்கிறது. ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என மூன்று காலத்தையும் அடக்கி ‘ஊறுகாய்’ என்று நம் முன்னோர் சொல்லவில்லையா? அவ்வழியே வாஷ்டு ‘கழுவுகொட்டை’ ஆகும். நேச்சுரல் ‘உலர்பழக்கொட்டை’ ஆகும். பழச்சாறு உள்ளே ஊறுவதால் ஹனி ‘ஊறுகொட்டை’ ஆகும். வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்பதால் ‘கழுவுக்கொட்டை’ என்று எழுதிவிட வேண்டா.

தேன் என்னும் கருத்தைக் கைவிட வேண்டியதில்லை என்பதற்கும் காரணம் உண்டு. ‘நறவு’ என்ற சொல் தேனையும் கள்ளையும் சேர்த்தே குறிக்கும். ‘தேறல்’ என்பதும் அவ்வாறே. புறநானூற்றின் 56ஆம் பாடலில் யவனர் கொண்டுவந்த ‘தண்கமழ் தேறல்’ வருவதை அனைவரும் அறிவீர்கள். காப்பி என்பதன் மூலமான ‘கஹ்வா’ என்ற அரபுச் சொல்லும் பண்டு மதுவுக்கு வழங்கியது என்று அரபு அகராதிகள் கூறும். இனிப்பும் நொதிப்பும் ஒரு சொல்லுக்குள் கூடியிருக்கும்போது ‘தேறல்முறை’ என்பதைவிட ஹனிக்குப் பொருத்தமான பெயர் வேறு என்ன இருக்க முடியும்?

மடல் 4: காப்பி வறுப்பவர்

புலவர் ஐயா, பொறுத்தருள்க. தேறல் என்பது ‘தேறு’ என்ற வினையிலிருந்து வந்தது. தேறுதல் என்றால் தெளிதல். வண்டல் இறங்கித் தெளிந்தது எதுவோ அதுவே தேறல். ஹனி முறையில் கொட்டையின் மேலுள்ள பிசுபிசுப்பைத் தெளிய விடாமல் வைத்துக்கொள்வதே நோக்கம். நீங்கள் காட்டிய வேர்ச்சொல்லின்படி பார்த்தால் அந்தப் பெயர் வாஷ்டு காப்பிக்கே உரியது. அப்படி வைத்தால் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் பொட்டலத்தின் மேல் அதைப் பார்ப்பவர் உள்ளே இருப்பது மது என்று நினைத்துக்கொள்வார்.

மடல் 5: உயிர்வேதியியல் விரிவுரையாளர்

‘ஊறுகொட்டை’ வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பழச்சர்க்கரை கொட்டைக்குள் ஊறி இனிப்பூட்டுகிறது என்பது கேட்க அழகாக இருந்தாலும் நடப்பதைச் சரியாகச் சொல்லவில்லை. கொட்டை உயிருள்ள விதை. தோலும் சதையும் நீங்கியதும் அது முளைக்க ஆயத்தமாகிறது. அந்த உழைப்பில் தன்னிடமுள்ள குளுக்கோஸையும் ஃபிரக்டோஸையும் செலவிடுகிறது. முழுப்பழத்துக்குள் உலரும் விதையில் இந்த இரண்டும் கூடுதலாக எஞ்சுகின்றன. அதோடு வறட்சியைத் தாங்கும் முயற்சியில் காமா அமினோ பியூட்டிரிக் அமிலமும் அதில் மிகுதியாகச் சேர்கிறது. ஆகவே வெளியிலிருந்து எது நுழைந்தது என்று மட்டும் பார்க்காமல், உள்ளே இருந்த விதை என்ன செய்தது என்றும் பார்க்க வேண்டும். ‘ஊறு’ என்ற சொல் மாணவர் மனத்தில் ஒரு பிழையான படத்தைப் பதித்துவிட்டால் பிறகு அதை அழிப்பது கடினம்.

இன்னொன்று: நொதித்தலை வாஷ்டு முறைக்கு மட்டும் உரியதாகக் காட்டவும் கூடாது. நேச்சுரல் பழத்துக்குள்ளும் நொதித்தல் நிகழ்கிறது. மறுபுறம், எந்திரத்தால் வழுவழுப்பைச் சுரண்டி எடுத்தால் தொட்டியில் நொதிக்க விடாமலேயே வாஷ்டு காப்பி கிடைத்துவிடும்.

மடல் 6: ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

ஊறுகொட்டையை விட்டுக்கொடுக்கிறேன், வேதியியலோடு வாதிட எனக்கு வலிமை இல்லை. ஆனால் பார்ச்மென்ட்டுக்குக் ‘காழ்’ என்பதைப் பரிந்துரைக்கிறேன். புறத்தே காழ் உடையவை புல், அகத்தே காழ் உடையவை மரம் என்று தொல்காப்பிய மரபியல் பகுத்திருக்கிறது. காழ் என்பது வன்மை. விதைக்கும் அச்சொல் வழங்கும். விதையைச் சூழ்ந்த வன்மையான உறைக்குப் ‘புறக்காழ்’ என்று பெயரிட்டால் இரு பொருளும் ஒருங்கே அமையும். வெள்ளித்தோலுக்கு மரபியல் தோலோடு சேர்த்துச் சொல்லும் ‘செதிள்’ இருக்கவே இருக்கிறது. மியூசிலேஜுக்கு ‘வழும்பு’ என்ற நல்ல தமிழ்ச் சொல் அகராதியில் தூங்கிக்கொண்டிருக்கிறது, அதை எழுப்பலாம்.

மடல் 7: பள்ளி ஆசிரியை

ஐயா, என் வகுப்பில் ‘புறக்காழ்’ என்று கரும்பலகையில் எழுதினால் அதன் பொருளை விளக்குவதிலேயே பாடவேளை முடிந்துவிடும். நெல்லைத் தெரிந்த மொழிக்கு இதில் திணற வேண்டிய தேவையே இல்லை. உலர்ந்த கொட்டையை மூடியிருப்பதும், ஆலையில் உரித்தெடுக்கப்படுவதும், உள்ளிருக்கும் மணியைக் காப்பதும் ‘உமி’ அல்லவா? மேலும், தானியம் எந்தப் பக்குவத்தில் வந்தது என்பதைக் கொண்டே பச்சரிசி, புழுங்கலரிசி என்று பெயரிட்டிருக்கிறோம். ஆகவே பதப்படுத்திய முறையால் பெயரிடுவது நமக்குப் புதிதன்று. வறுப்பவர் தம் முதல் மடலின் கடைசியில் எழுதிய வரியையே பெயராக்கிவிடலாம்: கழுவி உலர்த்தியது, பசையோடு உலர்த்தியது, பழத்தோடு உலர்த்தியது. இவற்றில் அகராதி தேட வேண்டிய சொல் ஒன்றுமில்லை.

மடல் 8: காப்பி வறுப்பவர்

ஆசிரியை அவர்களின் பெயர்களைச் சுமத்ரா முறையில் வைத்துச் சோதித்துப் பார்த்தேன். அங்கே ‘கிலிங் பாசா’ என்னும் முறையில், கொட்டை பாதி ஈரமாக இருக்கும்போதே உமியை உரித்துவிட்டு, வெறும் கொட்டையாகக் காயவைப்பார்கள். புளிப்பு குறைந்து மண்ணும் மரமும் கலந்த மணம் வருவது அதன் இயல்பு. அதை ‘உமி நீக்கி உலர்த்தியது’ என்றால் வேறு விளக்கமே தேவையில்லை. ஆங்கிலப் பெயரைவிட இது தெளிவானது என்றே எனக்குப் படுகிறது.

ஓர் எச்சரிக்கை. மாணவர்கள் பொட்டலத்தில் பார்க்கப்போவது நேச்சுரல், ஹனி என்ற சொற்களைத்தான். இந்திய வணிகத்திலோ கழுவிய அராபிகா வகைக் காப்பியைப் ‘பிளாண்டேஷன்’ என்றும், கழுவிய ரோபஸ்டா வகையைப் ‘பார்ச்மென்ட்’ என்றும், பழமாக உலர்த்தியதைச் ‘செர்ரி’ என்றும் தரம் பிரிக்கிறார்கள். அங்கே பார்ச்மென்ட் என்பது உறையின் பெயர்கூட இல்லை. இந்தச் சொற்களை நூலிலிருந்து அடியோடு நீக்கினால் படித்தவர் கடையில் திகைப்பார். ‘கடிசொல் இல்லைக் காலத்துப் படினே’ என்று சொன்னதும் தொல்காப்பியம்தானே, ஐயா?

மடல் 9: உயிர்வேதியியல் விரிவுரையாளர்

பசை என்றால் காகிதம் ஒட்டுவது நினைவுக்கு வருகிறது; ‘பழப்பசை’ என்றால் ஏற்றுக்கொள்வேன். காற்றுப் புகாமல் நொதிக்கவைக்கும் அனீரோபிக் முறைக்கு என்ன செய்யப் போகிறீர்கள்? 2015ஆம் ஆண்டு உலக பாரிஸ்டா (காப்பி தயாரிப்பாளர்) போட்டியில் சாஷா செஸ்டிச் வென்றபோது பயன்படுத்திய கொட்டை, திராட்சை மது செய்வோரிடமிருந்து கடன் வாங்கிய கார்பானிக் மெசரேஷன் (கரியமில வாயு நிரம்பிய மூடிய கலத்தில் நொதிக்கவைத்தல்) முறையில் உருவானது. அதன்பின் மூடிய கலத்தில் நொதிக்கவைப்பது பரவலாகிவிட்டது. அப்படி நொதித்ததைக் கழுவியும் உலர்த்தலாம், பழத்தோடும் உலர்த்தலாம் என்பதால் உங்கள் பகுப்பில் அதற்கு இடமில்லை.

மடல் 10: மட்டுறுத்துநர்

‘காப்பி’ என்பதற்குப் பதிலாகக் ‘குளம்பி’ என்று எழுத வேண்டும் என வந்த நான்கு மடல்களை நிறுத்தி வைத்திருக்கிறேன். அந்த விவாதம் இக்குழுவில் ஏற்கெனவே போதிய அளவு நடந்துவிட்டது. இன்று வியாழன். ஆசிரியை அவர்களின் தொடர்களுக்கு ஏழு பேரும், வினைத்தொகைகளுக்கு இரண்டு பேரும் இசைவு தெரிவித்திருக்கிறார்கள். மற்றவர்கள் எப்படியாவது முடியட்டும் என்று தனிமடலில் எழுதியிருக்கிறார்கள்.

மடல் 11: மொழிபெயர்ப்பாளர்

அனைவருக்கும் நன்றி. ‘கழுவி உலர்த்திய’, ‘பழப்பசையோடு உலர்த்திய’, ‘பழத்தோடு உலர்த்திய’, ‘உமி நீக்கி உலர்த்திய’ என்ற அடைகளையே ஆள்கிறேன். ஒவ்வொன்றும் முதலில் வரும் இடத்தில் வணிகப் பெயரைத் தமிழ் எழுத்தில் ஒருமுறை சொல்லிவிடுவேன். உமியும் வெள்ளித்தோலும் அப்படியே நிற்கும். அனீரோபிக்குக்குக் ‘காற்றில்லா நொதிப்பு’ என்று இப்போதைக்கு எழுதியிருக்கிறேன். தனிமடலில் ‘காற்றடைப்பு’ என்று எழுதிய நண்பர் பொறுத்துக்கொள்ள வேண்டும், கலத்துக்குள் காற்றை நிரப்புவதாக அது பொருள்படும்.

ஹனியின் உட்பிரிவுகளில்தான் இன்னும் திணறுகிறேன். மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்று நிறத்தால் பிரிக்கிறார்கள். பசை மிகுதியாக எஞ்சி, நிழலில் மெல்ல உலர்ந்தால் நிறம் கறுக்கிறது. ‘கறுத்த பழப்பசையோடு உலர்த்திய காப்பி’ என்பது அட்டவணையின் கட்டத்துக்குள் அடங்கவில்லை. அங்கு மட்டும் ‘கறுப்பு ஹனி’ என்றே விட்டுவிட்டேன்.

இயலின் இறுதியில் ஒரு பயிற்சியைச் சேர்த்திருக்கிறேன். ஒரே தோட்டத்தில் விளைந்து, கழுவியும் பழப்பசையோடும் பழத்தோடும் என மூன்று முறைகளில் உலர்த்தி, ஒரே அளவில் வறுத்த கொட்டைகளைக் குவளைக்கு 8.25 கிராம் வீதம் அரைத்து, 150 மில்லிலிட்டர் வெந்நீர் ஊற்றி, பெயரை மறைத்துச் சுவைக்க வேண்டும். சூட்டில் ஒருமுறை, ஆறியபின் ஒருமுறை.

மடல் 12: ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

தங்கள் அட்டவணையில் அடங்காத இடத்துக்குக் ‘கருநறவு’ என்பது நான்கே எழுத்தில்… இல்லை, எண்ணிப் பார்த்தேன், ஐந்தெழுத்தில் அடங்கும். இரண்டாம் பதிப்பு வரும்போது நினைவில் கொள்க. ‘வழும்பு’ பற்றி எவரும் மறுமொழி எழுதவில்லை என்பதையும் பணிவுடன் பதிவு செய்கிறேன்.