பஸ்ஸில சத்தி எடுக்கிறவையும் மயக்க மருந்தும்: கண்டதைச் சொல்லுங்கோ

தியேட்டர்வாசல்:
பித்தப்பைக் கல்லு, கமரா ஒப்பரேசன். நாப்பது வயசுக்குள்ள ஒரு அக்கா. வடிவாக் கதைச்சுக்கொண்டுதான் வெளியில வந்தவ. ட்ரொலி வாட்டுப் பக்கம் திரும்பினதுதான், பச்சைத் தண்ணியாச் சத்தி. ஒரு கையால வயித்துக் காயத்தை அமத்திப் பிடிச்சபடி. தாய் சொல்லுறா, "இவள் முல்லைத்தீவில ஏறினால் பரந்தனுக்குள்ள ரெண்டு தரம் எடுப்பாள்." தொய்வு, அலர்ஜி, ஆடுற பல்லு எல்லாம் கேட்டிருக்கினம், இதைக் கேக்கேல்ல. பெண், சிகரெட் இல்லை, பஸ் சத்தி, பிறகு நோவுக்கு மோர்பின். 1999இல அப்ஃபெல் எண்ட மயக்க மருந்து டொக்டர் சொன்ன நாலு காரணமும் இருக்கு. நாலும் இருந்து தடுப்பு மருந்து போடாட்டில் நூறில எண்பது பேருக்கு வரும். போட்டது மெற்றோகுளோப்ரமைட் எண்ட சத்தி மருந்து 10 மில்லிகிராம் மட்டும். அது காணாது.

செட்டிகுளம்:
விடிய பால்தேத்தண்ணி குடிச்சிட்டு "வெறும் வயிறு" எண்டு சொல்லியிருப்பா. எங்கட சனத்தைத் தெரியாதே?

கனகராயன்:
ரெண்டையும் குழப்பாதேங்கோ. வெறும் வயிறு கேக்கிறது, மயக்கேக்க வயித்தில கிடக்கிறது சுவாசப்பைக்குள்ள போகாமலிருக்க. பாலுக்கு 6 மணித்தியாலம், வெறுந்தேத்தண்ணிக்கு 2. எழும்பினாப் பிறகு வாற சத்தியைக் கிளப்புறது மூளை. முதல் ரெண்டு மணித்தியாலத்தில ஐசோஃபுளூரேன், செவோஃபுளூரேன் மாதிரி மயக்க வாயுதான் பெரிய காரணம், பிறகு மோர்பின். தண்ணியும் குடிக்காமல் வறண்டு வந்தால் இன்னும் பிரட்டும்.

மாங்குளத்தான்:
பிள்ளையளுக்குக் கணக்கு வேற. ஆறு வயசுப் பெடியன், மாறுகண் ஒப்பரேசன். "அம்மா" எண்டு எழும்பி இருந்தான், கண் கட்டெல்லாம் சத்தி. மூண்டு வயசுக்கு மேல, அரை மணித்தியாலத்துக்கு மேல போன ஒப்பரேசன், மாறுகண், இதெல்லாம் பிள்ளையளுக்குச் சத்தியைக் கூட்டும். தாய்க்கும் முந்தி மயக்கத்தால எழும்பிச் சத்தியாம். தாய், தேப்பன், சகோதரம் எல்லாரையும் விசாரிக்கோணும்.

செட்டிகுளம்:
அப்ப எங்கட ஐயாமாருக்கு முதல்நாள் ரெண்டு சுருட்டுக் குடுத்துவிட்டால் சரியோ?

கனகராயன்:
பத்துறவைக்குச் சத்தி குறைவுதான். ஆனால் நெஞ்சில சளி கட்டும், காயம் மாறச் சுணங்கும். ஆரும் கேக்காட்டிலும் சொல்லுறன். மொத்தமான ஆக்களுக்குக் கூடுதலா வருமெண்டதும் பிழை. வயசு குறைஞ்சவைக்குத்தான் கூட, அதோட கமரா ஒப்பரேசன், கர்ப்பப்பை, பித்தப்பை. அப்ஃபெல் சொன்ன நாலில ஒண்டு ரெண்டு இருந்தால் ரெண்டு வகைத் தடுப்பு மருந்து. டெக்சாமெதசோன் 4 தொடக்கம் 8 மில்லிகிராம், ஆள் நித்திரையானாப் பிறகு. முழிப்பில வேகமாப் போட்டால் கீழ்ப்பக்கம் எரிஞ்சு துடிச்சுப்போவினம். சீனி வருத்தக்காரருக்குச் சீனி ஏறும், பாத்துப் போடுங்கோ. ஒண்டன்செற்றோன் 4, முடியிற நேரம். மூண்டு நாலு இருந்தால் வாயுவை விட்டிட்டு, நரம்பில ஏத்துற புரொப்போஃபோலை ஓடவிட்டே மயக்கலாம், நைட்ரஸ் ஒக்சைட் வாயுவும் வேண்டாம். காயத்தில விறைப்பு ஊசியும் பரசிற்றமோலும் போட்டால் மோர்பின் குறையும். அப்பிடியும் எடுத்தால், 6 மணித்தியாலத்துக்குள்ள அதே மருந்தைத் திருப்பிப் போட்டுப் பிரயோசனமில்லை, வேற வகை வேணும்.

நெடுங்கேணி_மிஸ்:
இது முழு மயக்கமில்லை, எண்டாலும் சொல்லோணும். சிசேரியனுக்கு முதுகில ஊசி போட்டுக் கொஞ்ச நேரத்தில "பிரட்டுது மிஸ்" எண்டா ஒரு பிள்ளை, உதடு வெளிறிப்போச்சு. பிரஷர் 80. அங்க ஒண்டன்செற்றோனைத் தேடிக்கொண்டு நிக்கிறேல்ல. இடப்பக்கம் சரிச்சு, சேலைனைத் திறந்து, பிரஷர் ஏத்துற எஃபெட்ரின் போட்டவுடன பிரட்டல் நிண்டுட்டுது.