ஓடிபி யார் போனுக்கு வருது?

கறார்கமலா:
"கல்யாணத்துக்கு அப்புறம்தான் நான் நானானேன், அப்பா வீட்ல யாரோவா இருந்தேன்"னு நிலாமுற்றம் எழுதினதுக்கு ஆளாளுக்கு கைதட்டல். எனக்கு பத்திக்கிட்டு வந்துச்சு. அதே பதிவுல நடுவுல ஒரு வரி, "பணம் அனுப்பணும்னா அவர்கிட்ட ஓடிபி கேட்டுக்குவேன்". தாயே, உங்க சம்பளம் விழற அக்கவுண்ட்டோட ஓடிபி அவர் போனுக்கு ஏன் போகுது?

நிலாமுற்றம்:
ஜாயின்ட் அக்கவுண்ட்ங்க. ஆரம்பிக்கறப்ப அவர் நம்பர் குடுத்தோம், அவ்ளோதான். அத்தனை பத்தி எழுதினதுல உங்களுக்கு அதுதான் கண்ணுல பட்டுச்சா? அப்பா வீட்ல என் ரூமுக்கு தாழ்ப்பாளே கிடையாது, ராத்திரி லைட் எரிஞ்சா வெளியிலேர்ந்து குரல் வரும். இப்ப என் பையில என் வீட்டு சாவி இருக்கு, விட்ட படிப்ப முடிச்சேன், வேலைக்கு போறேன். இதுக்கெல்லாம் வழி விட்டது கல்யாணம்தான்.

கறார்கமலா:
சாவி சரி. ஓடிபி?

மொட்டைமாடி:
என் ஓடிபி வொய்ஃப் போனுக்குத்தான் போகுது, என் சுதந்திரத்துக்கு யார் விவாத இழை ஆரம்பிக்க போறீங்க?

கறார்கமலா:
நீங்க மறதிக்காக குடுத்து வச்சிருக்கீங்க, வேணும்னா இன்னிக்கே மாத்திப்பீங்க. அவங்க மாத்தணும்னு வாய தெறந்தா "ஏன், என் மேல நம்பிக்கை இல்லையா"ன்னு கேள்வி வரும். வருமா வராதான்னு அவங்களே சொல்லட்டும்.

பழையபஞ்சாங்கம்:
சரித்திரம் தெரியாம பேசறீங்க எல்லாரும். பிரான்ஸ்ல 1965 வரைக்கும் புருஷன் சம்மதம் இல்லாம பொண்டாட்டி தன் பேர்ல அக்கவுண்ட் திறக்க முடியாது. கல்யாணம் ஆகாத மேஜர் பொண்ணுக்கு அந்த தடையே இல்ல. இங்கிலாந்துலயும் 1882 சட்டம் வர்ற வரைக்கும் இதே கதைதான், தனியா இருந்தா சொத்து அவளது, தாலி... மன்னிக்கணும், மோதிரம் மாத்தின மறுநிமிஷம் பெரும்பாலும் புருஷன் கைக்கு போயிடும். கல்யாணம் குடுத்துச்சாம்ல!

நிலாமுற்றம்:
நான் என் ரூம் கதவ பத்தி பேசறேன், நீங்க பிரான்ஸ் போறீங்க.

மொட்டைமாடி:
பஞ்சாங்கம் சார், போன தடவை 1870ன்னு அடிச்சு சொன்னீங்க. இப்ப 1882. அடுத்த தடவை?

பழையபஞ்சாங்கம்:
ரெண்டும் சட்டம்தான்யா. 1870ல அவ சம்பாதிச்ச காசு அவளுக்குன்னு வந்துச்சு, 1882லதான் மத்த சொத்தும். அந்த இழையில பாதியில ஓடிப்போனது யாருன்னு ஊருக்கே தெரியும்.

மொட்டைமாடி:
ஓடல, தூங்க போனேன். உங்க பதிவு அப்படி.

கறார்கமலா:
இழைய திசை திருப்பாதீங்க. அமெரிக்காவுல பெண்ணுரிமைக்கு போராடின லூசி ஸ்டோன் 1855ல கல்யாணம் பண்ணியும் தன் பேர மாத்திக்கல. 1879ல பள்ளி நிர்வாக தேர்தல்ல ஓட்டு போட பதிவு பண்ணினப்ப, புருஷன் பேர சேர்க்கலன்னு பட்டியல்ல இருந்தே தூக்கிட்டாங்க. ஓட்டே போச்சு, அப்பவும் பேர விடல. அடையாளம்னா அது. இங்க ஆறு நம்பர கேட்டு வாங்கிட்டு "நான் நானானேன்"னு கவிதை.

நிலாமுற்றம்:
லூசி ஸ்டோனும் கல்யாணம் பண்ணவங்கதானே, அத ஏன் முழுங்கறீங்க? இருக்கட்டும், போன வருஷம் எனக்கு மெயில் போட்டீங்களே, அதுல உங்க பேருக்கு பின்னால ஒட்டிக்கிட்டிருந்தது யார் பேரு? சொல்லட்டுமா?

கறார்கமலா:
அது பாஸ்போர்ட்டுக்காக மாத்தினது. ரெண்டும் ஒண்ணா?

மொட்டைமாடி:
பாஸ்போர்ட்டுக்காகவாம்! லூசி ஸ்டோன் வெளிநாடு போகல போல.

பழையபஞ்சாங்கம்:
1870ன்னு நான் சொன்ன பதிவ எடுத்து போடுங்க, இல்லன்னா மன்னிப்பு கேளுங்க.

கறார்கமலா:
ரெண்டு பேரும் வெளிய போய் சண்ட போடுங்க. நிலா, மாத்த சொல்லி கேட்டா வீட்ல என்ன பதில் வரும்? நான் கேட்டு ஒரு மணி நேரம் ஆச்சு. ஆன்லைன்லதான் இருக்கீங்க, பச்சை புள்ளி தெரியுது.