மறு: ஆட்டோமேட்டாவுக்குத் தமிழ்ல என்ன, தானியங்கியா பொறிப்பாவையா?

எல்லாருக்கும் வணக்கமுங்க. ஊர்ல தேர்நோம்பி, ஊடு நிறைய ஒறம்பரை, அதனால ஆட்டோமேட்டாவுக்கு, அதாவது உள்ள வெச்ச இயந்திரத்தால ஆடற பொம்மைகளுக்கு, தமிழ்ல என்ன பேருன்னு ஓடற இந்த இழைய இப்பத்தான் ஒட்டுக்கா படிச்சேன்.

> ஆட்டோமேட்டான்னா தானியங்கி. அகராதியிலயே இருக்குது. இதுல பேச என்ன இருக்கு?

இருக்குதுங்க கரூர் அண்ணா. தானியங்கின்னு எங்க பக்கம் சொன்னா ஒருத்தரும் பொம்மைய நினைக்க மாட்டாங்க, கரண்ட் வந்ததும் கெணத்து மோட்டார தானா ஓட்டிவிடுமே அந்தப் பொட்டியத்தான் நினைப்பாங்க. கம்ப்யூட்டர் படிச்சவங்க வேற அந்தச் சொல்ல அவங்க பாடத்துக்குன்னு எடுத்துக்கிட்டாங்க. அதெல்லாம் கூடப் பரவால்ல. என்ற பிரச்சினை "தான்" அப்படிங்கறதுலதான்.

போன மாசம் ஒண்ணு செஞ்சேன். செருப்புப் பொட்டி அளவு மரப்பொட்டி, மேல ஒரு அம்மிணி ஆட்டாங்கல்லுல மாவாட்டுது, பக்கத்துல ஒரு சேவல். பொட்டிக்குள்ள 6 எம்எம் கம்பி, அதுல வேப்பம்பலகைல அறுத்த கேம் ரெண்டு. கேம்னா கம்பியோட சேந்து சுத்தி, மேல இருக்கறத தூக்கி இறக்கற வட்டு. சேவலுக்குண்டான கேம் நத்தை ஓடு மாதிரி, மேடு மெல்ல மெல்ல ஏறி கடேசில சடார்னு பள்ளம். அது மேல ஒரு குச்சி உக்காந்திருக்கும், கைப்பிடிய சுத்தச் சுத்த குச்சி ஏறும், சேவல் தலைய நிதானமா தூக்கும், விளிம்பு வந்ததும் குச்சி பொத்துனு விழுகும், சேவல் டொக்குனு மாவக் கொத்தும். அந்த ஒரு டொக்குக்காக மூணு நாள் அரம் போட்டேனுங்க, மேடு கொஞ்சூண்டு சொரசொரப்பா இருந்தாலும் சேவல் குளிர்சொரம் கண்டாப்புடி நடுங்குது.

இதுல எதுவும் தானா இயங்கல. நான் சுத்துனாத்தான் ஆடும்.

திப்பு சுல்தானோட புலியும் அப்படித்தான். திம்பம் ஏறி அக்கட்ட இறங்குனா அவுரு சீமை, நம்ம கோயமுத்தூரும் 1799 வரைக்கும் மைசூர் கையிலதான் இருந்துச்சு. அதே வருசம் சீரங்கப்பட்டணம் விழுந்தப்ப வெள்ளைக்காரங்க தூக்கிட்டுப் போன மரப்புலி இப்ப லண்டன் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் மியூசியத்துல நிக்குது. கைப்பிடிய ஒரு ஆளு சுத்தோணும், உள்ள துருத்தி ஊதும், புலி உறுமும், கீழ கெடக்கற வெள்ளைக்காரன் கைய ஆட்டி ஓலமிடுவான். இன்னொரு பக்கம் சுவிட்சர்லாந்து நெஷாட்டல் ஊர்ல ஒரு பொம்மைப் பையன், 1774ல மூணு பொம்மையா காட்டுனாங்களே அதுல ஒருத்தன், சாவி குடுத்துட்டா மையத் தொட்டு அவனே எழுதுவான். புலிக்கு ஆள் வேணும், பையனுக்கு ஸ்பிரிங் போதும், உலகத்துல ரெண்டையும் ஒரே பேர்லதான் கூப்பிடறாங்க. நம்ம சொல்லும் ரெண்டுக்கும் பொருந்தோணுமில்லைங்களா? ரெண்டுக்கும் பொதுவா இருக்கறது உள்ள ஒளிஞ்சிருக்கற சங்கதி. அதுக்குப் பேரு பொறி.

பொறி செத்த சொல்லுன்னு யாரோ எழுதியிருந்தாங்க. எலிப்பொறி வெக்காத ஊடு எதுங்க? இன்னொண்ணு, பெருங்கதை பாடுன கொங்குவேளிர் நம்ம விசயமங்கலத்துக்காரரு. உதயணன்ங்கற ராசாவப் புடிக்க வயித்துக்குள்ள ஆளுகள ஒளிச்சு வெச்சு ஒரு பொய் யானைய காட்டுக்குள்ள விட்ட கதை அதுலதான் வருது. சீவக சிந்தாமணில மயிற்பொறி, மயிலாட்டம் பறக்கற வண்டி, வலம் திரிச்சா ஏறும் இடம் திரிச்சா இறங்கும். நம்ம சேவலுக்கு அந்த வசதியில்ல. நோம்பிக்கு வந்த அக்கா பையன் கைப்பிடிய எதுப்பக்கமா சுத்திட்டான், குச்சி அந்தப் பள்ளத்துச் சுவத்துல முட்டி படக்குனு போச்சு. திட்டவும் முடியல, எந்தப் பக்கம் சுத்தோணும்னு நான் எங்கயும் எழுதி வெக்கலையே.

> விசைப்பாவை எப்படி? விசைத்தறி மாதிரி.

சோமனூர் பக்கம் போயி கேட்டுப் பாருங்க தம்பி, விசைன்னா மோட்டார், கைல ஓட்டுனா அது கைத்தறி. கையில சுத்தற பொம்மைக்கு விசைன்னு பேரு வெச்சா சிரிப்பாங்க. கேமுக்கு நீங்க சொன்ன நெம்புருள் எனக்குப் புடிச்சிருக்குது. கடப்பாறை ஞாபகம் வருது, வரட்டுமே, வேலையும் அதுதான, தூக்கிவிடறது.

ஆக என்ற ஓட்டு பொறிப்பாவைக்கு.

- காங்கேயத்திலிருந்து

---

காங்கேயத்துத் தம்பிக்கு,

பழமை நல்லா இருக்குது. ஆனா பாவைன்னா பொம்பள உருவம்தான் கண்ணுக்கு வரும், குறள்ல வர்ற மரப்பாவை கூட கயித்துல ஆட்டறது, அது வேற. சேவலையும் புலியவும் பாவைன்னு எப்படிச் சொல்லுவ? பொறிச்சேவல், பொறிப்புலின்னு உருவத்துக்குத் தக்கன சொல்லு, மொத்தத்துக்குப் பொறிப்பொம்மை. எழுதறப்ப மட்டும் கவனம் சாமி, நம்ம ஆளுகளுக்கு ர ற ரெண்டும் ஒண்ணுதான், பொரிப்பொம்மைன்னு அடிச்சு வெச்சா பொரிகடலைக் கடைல போயி நிக்கும்.

இன்னொரு சேதி. தின்னு வெளிக்கிப் போற மாதிரி 1739ல ஒரு பொறிவாத்து காட்டுனாரே பிரான்சு வோக்கான்சன், வெளிக்கிப் போறது பித்தலாட்டம்னு பின்னால தெரிஞ்சது, அதே மனுசன்தான் 1745 வாக்குல பட்டுக்கு ஒரு தானியங்கித் தறியும் செஞ்சாரு. அதுலருந்து எடுத்துத்தான் ஜக்கார்டுங்கறவரு துணில டிசைன் போட நூலத் தூக்கிவிடற தன்ற பொட்டிய ஒப்பேத்துனாரு. இங்க சென்னிமலைல பெட்சீட்டுத் தறி மேல அந்தப் பொட்டி இன்னும் உக்காந்திருக்குது, அட்டைல ஓட்டை இருந்தா நூல் மேல ஏறும், இல்லீன்னா ஏறாது. உன்ற சேவலும் என்ற தறியும் பங்காளிக. அதுவும் நீ கேம்ங்கறத விசைத்தறிக்காரங்க டேப்பட்டுனு காலங்காலமா சொல்லிட்டு இருக்காங்க, நெம்புருள்ன்னு போயி சொன்னா எந்த ஊரு உருளைன்னு கேப்பாங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எழுது.

- சென்னிமலை அக்கா

---

அக்கா, பாவை விசயத்துல தோத்தேன், பொறிப்பொம்மைக்கே மாறிக்கறேன். டேப்பட்டுக்கு மட்டும் இன்னும் ரோசனை பண்ணோணும், எல்லாக் கேமையும் டேப்பட்டுனு சொல்ல மனசு வல்லீங்க. குச்சிக்குப் பதிலா சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி வெச்சு சேவல ரிப்பேர் பண்ணிட்டேன், நல்லாவே கொத்துது. பொட்டி முன்னால பொறிச்சேவல்னு பெயிண்ட்ல எழுதியாச்சு, போட்டோ நாளைக்கு அனுப்பறேன்.

---

பேரு கெடக்கட்டும் சாமி. எந்தப் பக்கம் சுத்தோணும்னு அம்பு போட்டயா?