மறு: ‘உணவூட்டல்’ வேண்டாம், ‘இரையீடு’ போதுமா?

அண்ணாச்சி, வணக்கம்.

வளர்ப்புப் பாம்புக்கு இரை கொடுப்பதைக் கலைச்சொல் பட்டியலில் ‘உணவூட்டல்’ என்று போட்டிருக்கிறீர்கள். ஊட்டுவது என்றால் வாயில் வைப்பது. இரை எடுக்காத பாம்பின் வாயைத் திறந்து கால்நடை மருத்துவர் உள்ளே செலுத்துகிறாரே, அந்தச் சொல்லை அதற்கு விட்டுவிடுவோம். இரை கொடுப்பதற்கு ‘தீற்று’ அருமையான பழஞ்சொல்தான். களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குள் போனால் கோழித்தீற்ற, காலித்தீற்ற என்று கடைப்பலகையிலேயே பார்க்கலாம். ஆனால் நம் பக்கம் தீற்றுதல் என்றால் சுதை பூசுவதும் ஆகும். பேச்சில் ‘இரை போடுறது’ என்றுதானே சொல்கிறோம்? முதலீடு, மதிப்பீடு மாதிரி ‘இரையீடு’ என்று வைக்கலாம். கூண்டுக்குள் என்றால் உள்ளிரையீடு, வேறு டப்பாவில் என்றால் வெளியிரையீடு.

‘கூண்டு மூர்க்கம்’ என்ற சொல்லை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அதைப் படிக்கிறவர், கூண்டுக்குள் இரை போட்டால் பாம்பு முரடாகிவிடும் என்று பயந்துதான் வெளியே எடுத்து இரை போடுகிறார். மூடி திறந்ததும் பாய்வது கோபத்தால் அல்ல. மூடி திறந்தாலே இரை என்று பழகியிருக்கும், அல்லது கையில் எலி வாசம் இருக்கும். பால் பைத்தான் (ball python) என்ற மலைப்பாம்புக்கு உதட்டோரத்தில் சூட்டை உணரும் குழிகள் இருப்பதால் கையின் சூடே போதும். ‘இரைப்பாய்ச்சல்’ என்பது சரியான பெயர். இரை போடாத நாட்களில் பாம்பு தூக்கும் கொக்கியால் உடம்பை மெல்லத் தொட்டுவிட்டுத் தூக்கினால், தொட்டால் இரை இல்லை என்று பழகிக்கொள்ளும். இரை நாளில் தொடக் கூடாது.

வெளியிரையீட்டில்தான் ஆபத்து அதிகம். விழுங்கிய பாம்பை மறுபடி தூக்க வேண்டும். பாய்ச்சல் வேகம் அடங்காததால் கடிக்கும், வயிறு அழுந்தினால் கக்கிவிடும். கக்கும்போது வரும் அமிலம் உணவுக்குழலைப் புண்ணாக்கும். பிறகு 10 முதல் 14 நாள் வரை எதுவும் தராமல், அடுத்த முறை பாதி அளவு இரைதான். சாதாரணமாகவே இரை எடுத்த 48 மணி நேரம் கை வைக்கக் கூடாது.

இரையாகப் போடும் உறைந்த எலியை உறையோடு இரவு முழுக்கக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் இளக்கி, 40 டிகிரி வெந்நீரில் சூடாக்கணும். கொதிநீர் ஆகாது, வயிறு வெடிக்கும். அடிவயிற்றை அமுக்கினால் உள்ளே கட்டி தட்டக் கூடாது. ஈரத்தைத் துடைத்துவிட்டு, 30 செ.மீ. இடுக்கியால் இடுப்பைப் பிடித்துத் தலை முன்னால் இருக்கும்படி நீட்டவும். துடைக்காவிட்டால் கூண்டில் பரப்பிய தேங்காய்நார்த்தூள் அப்பிக்கொள்ளும். ஒரு தட்டு வைத்தால் அந்தக் கவலையும் இல்லை. எலியின் பருமன் பாம்பின் தடித்த நடுவுடம்பு அளவே இருக்கட்டும்.

—

தம்பி,

இரையீடு, இரைப்பாய்ச்சல் இரண்டும் சரி. ஊட்டலை மருத்துவப் பகுதிக்கு மாற்றிவிடுகிறேன். வெளியிரையீட்டை முழுக்கத் தள்ள வேண்டாம்: ஒரே பெட்டியில் இரண்டு பாம்பு இருந்தால் இரை நாளில் பிரித்தே ஆகணும். ஒரே எலியை இரண்டும் இரு முனையில் கவ்வினால் ஒன்று மற்றதையும் சேர்த்து விழுங்கப் பார்க்கும். விளக்கத்தில் இதைச் சேர்த்துவிடுங்கள்.

எடுத்துக்காட்டு வாக்கியத்தில் ‘சாரைக்கு இரையீடு’ என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சாரையை வீட்டில் வளர்க்கவே கூடாது. வெளிநாட்டு வளர்ப்புப் பாம்பான ‘கார்ன் ஸ்நேக்’ என்று மாற்றுங்கள்.