பிலோவீலா எப்படிப்பட்ட ஊர்?

தென்பொதிகை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநில உட்பகுதியில் இருக்கும் பிலோவீலாவில் என் மனைவிக்குச் செவிலியர் பணி கிடைத்திருக்கிறது. நாங்கள் ஆறு ஆண்டுகளாக மெல்பர்னில் வசிக்கிறோம். தொடக்கப்பள்ளி வயதில் இரண்டு பிள்ளைகள். அந்த ஊரைப் பற்றி எனக்குத் தெரிந்தது, சில ஆண்டுகளுக்கு முன் செய்திகளில் இடம்பெற்ற ஈழத்தமிழ்க் குடும்பத்தின் கதை மட்டுமே. வேளாண்மை ஊர் என்கிறார்கள், சுரங்க ஊர் என்றும் சொல்கிறார்கள். ஓரிரு ஆண்டு மழை பொய்த்தால் வெறிச்சோடிவிடும் ஊருக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லத் தயக்கமாக இருக்கிறது. அங்கே வாழ்ந்தவர்கள், அந்தப் பக்கத்தை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மழைமானி (பதில்)

ஐயா, வேளாண் ஆலோசகராக அந்தப் பள்ளத்தாக்கில் நான்கு ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் எழுதுகிறேன். சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிலோவீலா, கடற்கரை நகரமான கிளாட்ஸ்டனிலிருந்து தென்மேற்கே சுமார் 120 கி.மீ. உள்ளே, காலைட் பள்ளத்தாக்கில், டாசன் நெடுஞ்சாலையும் பர்னெட் நெடுஞ்சாலையும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. மக்கள்தொகை ஏறக்குறைய 5,700. ஊர்க்காரர்கள் ‘பிலோ’ என்று சுருக்கித்தான் சொல்வார்கள். காங்குலு பழங்குடியினரின் மண் அது. ஊரின் பெயருக்குக் கொக்கட்டூ என்னும் கொண்டைக்கிளி என்று பொருள் கூறுகிறார்கள். கறுப்புக் கொக்கட்டூவா, வெள்ளைக் கொக்கட்டூவா என்பதில் மட்டும் ஒருமித்த கருத்து இல்லை. ஊர் அடங்கிய உள்ளாட்சிப் பகுதிக்குப் பனானா ஷயர் என்று பெயர். அதைக் கேட்டு வாழைத்தோட்டங்களைத் தேடிப் போய்விடாதீர்கள். மருண்டோடும் மாடுகளைத் தொழுவத்துக்குள் இழுத்துவருவதற்கு மேய்ப்பர்கள் பழக்கி வைத்திருந்த மஞ்சள் நிற எருது ஒன்றின் பெயர் அது. ஒரு மாட்டின் பெயரில் ஓர் உள்ளாட்சி இயங்குகிறது என்றால், அங்கே மாட்டுக்கு என்ன மதிப்பு என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

மேய்ச்சல் நிலமாக இருந்த பள்ளத்தாக்கில் ஊர் உருவானது 1924இல்தான். பெரும்பண்ணைகளைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் குடியேறிகளுக்கு வழங்கும் மாநில அரசின் திட்டத்தால் அது பிறந்தது. இருப்புப்பாதையும் ஏறத்தாழ அதே காலத்தில் வந்து சேர்ந்தது. பருத்திக்கு அரசு விலை உத்தரவாதம் அளித்திருந்ததால், வந்தவர்கள் பருத்தியை நம்பியே இறங்கினார்கள். அந்த நாள்களில் மத்திய குவீன்ஸ்லாந்தின் உழவர்களுக்குப் பெரும்பகை வறட்சியன்று, சப்பாத்திக்கள்ளி. அண்டையிலுள்ள டாசன் பள்ளத்தாக்கு உள்ளிட்ட பெரும்பரப்பை அது மூடியிருந்தது. வெட்டியும் எரித்தும் நஞ்சு தெளித்தும் அடங்காத அந்தக் கள்ளியை, அர்ஜென்டினாவிலிருந்து கொண்டுவரப்பட்டு 1926 முதல் வயல்வெளிகளில் விடப்பட்ட காக்டோபிளாஸ்டிஸ் என்னும் அந்துப்பூச்சியின் புழுக்கள் சில ஆண்டுகளிலேயே தின்று தீர்த்தன. பூச்சிகளோடு போராடுவதையே தொழிலாகக் கொண்ட எனக்கு, ஒரு பூச்சி இப்படி உழவர்களைக் காப்பாற்றியது இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

நீங்கள் கேட்ட மழைக்கு வருகிறேன். பள்ளத்தாக்கின் வளமான பகுதி ஆழமான வண்டல், கரிசல் மண். ஒருமுறை நன்றாக நனைந்தால் பல வாரங்கள் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். மழை பெரும்பாலும் கோடையில், அதாவது டிசம்பரை ஒட்டிய மாதங்களில் பெய்யும். ஆயினும் பாசன உழவர்கள் வானத்தை விட நிலத்தடி நீரையே அதிகம் பார்க்கிறார்கள். காலைட் அணையிலிருந்து திறந்துவிடும் நீர் கால்வாய் வழியாக வயலுக்கு ஓடுவதில்லை. ஓடைப் படுகையில் விடப்பட்டு, மணலில் இறங்கி, நிலத்தடி நீர்மட்டத்தை உயர்த்துகிறது. உழவர்கள் அதைத் தத்தம் ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து இறைத்துக்கொள்கிறார்கள். 1992இல் கட்டி முடிக்கப்பட்ட குரூம்பிட் அணையும் இதே வகையில் பயன்படுகிறது. ஆகவே ஓர் ஆண்டு மழை குறைந்த உடனே ஊர் படுத்துவிடாது. பல ஆண்டுகள் தொடர்ந்து குறைந்தால் கிணறுகளின் நீர்மட்டம் இறங்குவதும், பாசன ஒதுக்கீட்டை வெட்டுவதும் நடக்கும். அந்த நிலையில் பருத்திப் பரப்பு சுருங்கி, சோளமும் பாசிப்பயறும் அதன் இடத்தைப் பிடிக்கும். குதிரைமசால் வைத்திருப்பவர்கள் தீவன விலை ஏறுவதால் பிழைத்துக்கொள்வார்கள்.

பருத்தி வசந்த காலத்தில் விதைக்கப்பட்டுக் கோடை முடிவில் அறுவடையாகும். எடுப்பது முழுக்க இயந்திரம். எடுத்த பருத்தியை மஞ்சள் உறை சுற்றிய பெரிய உருளைகளாக வயலோரத்தில் அடுக்கியிருப்பார்கள். பிறகு அவை விதை பிரிக்கும் ஜின்னிங் ஆலைக்குச் செல்லும். விதை பிரித்த பஞ்சு, ஆஸ்திரேலியாவில் நூற்பாலைத் தொழில் ஏறக்குறைய இல்லாமையால், பொதிகளாகக் கப்பலேறிவிடும். மேட்டு நிலங்களில் இறைச்சிக்கான மாடு வளர்ப்புத்தான். அங்கே மேயும் பிராமன் இன மாடுகளுக்கு நம் மாடுகளைப் போலவே திமில் இருக்கும். அமெரிக்காவில் கீர், ஓங்கோல் முதலிய இந்திய இனங்களிலிருந்து உருவாக்கப்பட்டு, 1933இல் குவீன்ஸ்லாந்துக்கு வந்த இனம் அது. வெயிலையும் உண்ணியையும் தாங்குவதால் நிலைத்துவிட்டது.

கரித்துண்டு (பதில்)

மழைமானி அவர்கள் சொன்னவை சரி. ஆனால் படிப்பவர்கள் பிலோவீலாவை உழவர் ஊர் என்று மட்டும் எண்ணிக்கொள்ளக் கூடாது. அவர் குறிப்பிட்ட காலைட் அணையே 1965இல் முதன்மையாக அனல் மின்நிலையத்தின் தேவைக்காகக் கட்டப்பட்டது. திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கமும் அதன் அருகிலேயே அமைந்த மின்நிலையமும் ஊருக்குச் சிறிது தொலைவில் இருக்கின்றன. இறைச்சி ஆலை மூன்றாவது தூண். 2021 மே 25 அன்று அந்த மின்நிலையத்தின் ஓர் அலகில் வெடிப்பு நேர்ந்தபோது மாநிலத்தில் 4 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. மழை பொய்த்தாலும் ஊர்க் கடைகள் நடப்பதற்கு இந்தச் சம்பளங்களே காரணம். நிலக்கரிக்கு எத்தனை காலம் இருக்கிறது என்பதுதான் ஊரின் உண்மையான கவலை. வறட்சி அதற்குப் பிறகுதான்.

மழைமானி (பதில்)

ஒப்புக்கொள்கிறேன். வயலிலேயே நின்றவனுக்குப் புகைபோக்கி தெரியாமல் போய்விட்டது.

பிரிஸ்பேன்வாசி (பதில்)

அந்தக் குடும்பத்தைப் பற்றிக் குறிப்பிட்டதால் எழுதுகிறேன். தஞ்சம் கோரி வந்து பிலோவீலாவில் குடியேறி, தந்தை இறைச்சி ஆலையில் வேலை செய்ய, இரு பெண் குழந்தைகளும் குவீன்ஸ்லாந்திலேயே பிறந்திருந்த நிலையில், 2018 மார்ச் 5 அன்று விடியற்காலையில் அவர்கள் வீட்டிலிருந்து அழைத்துச் செல்லப்பட்டார்கள். மெல்பர்னிலும் பிறகு கிறிஸ்துமஸ் தீவிலும் தடுப்புக்காவல். ஆட்சி மாறிய பின், 2022 ஜூன் 10 அன்று ஊர் திரும்பினார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் நிரந்தர விசா கிடைத்தது.

நம்மவர் பலர் இதைத் தமிழருக்குக் கிடைத்த ஆதரவாகப் பார்க்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. அந்த ஊர் அடங்கிய ஃபிளின் தொகுதியில் 2010 முதல் தேர்தல்தோறும் வெல்வது லிபரல் நேஷனல் கட்சி. படகில் வருவோர் விஷயத்தில் கடுமை காட்டிய அரசும் அவர்களுடைய கூட்டணியே. அப்படியிருந்தும் நான்கு ஆண்டுகள் சளைக்காமல் மனுப்போட்டு, பணம் திரட்டி, விமான நிலையங்களில் நின்று போராடத் தொடங்கியவர்கள் அந்த ஊர்க்காரர்கள். கொள்கையை மாற்றிக்கொண்டு அவர்கள் இதைச் செய்யவில்லை. தங்கள் தெருவில் இருந்த ஒரு குடும்பத்தை அதிகாரிகள் வந்து தூக்கிச் சென்றதைப் பொறுக்க முடியாமல் செய்தார்கள். இறைச்சி ஆலைக்காகவும் சுரங்கத்துக்காகவும் பசிபிக் தீவுகளிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் ஆள்கள் வந்துகொண்டே இருக்கும் ஊர் என்பதால் புதுமுகம் அங்கே அதிசயமில்லை. ஆனால் வீட்டுக்குள்ளேயே அடைந்திருப்பவருக்கு அந்த நெருக்கம் கிடைக்காது. பள்ளி விழாவுக்குப் போங்கள், கிரிக்கெட் மன்றத்தில் சேருங்கள். அந்தக் குடும்பத்தைத் தேடிச் சென்று படம் எடுத்துக்கொள்ள மட்டும் தயவுசெய்து முயலாதீர்கள். அவர்களை நிம்மதியாக வாழ விடுவோம்.

தென்பொதிகை

எதிர்பார்த்ததற்கு மேல் கிடைத்தது, மூவருக்கும் நன்றி. மனைவியிடம் படித்துக் காட்டினேன். பள்ளிக்கும் பொருள்கள் வாங்குவதற்கும் வெளியூர் ஓட வேண்டியிருக்குமா என்று கேட்கிறார்.

மழைமானி (பதில்)

பள்ளிக்கு வேண்டியதில்லை, சகோதரியிடம் சொல்லுங்கள். அரசுத் தொடக்கப்பள்ளி, உயர்நிலைப்பள்ளி, கத்தோலிக்க, லூத்தரன் பள்ளிகள் எல்லாம் ஊரிலேயே உண்டு. அன்றாடக் கடைகளும் இருக்கின்றன. புளி, பெருங்காயம், இட்லி அரிசி போன்றவற்றுக்கு ராக்ஹாம்ப்டனோ கிளாட்ஸ்டனோ போகும்போது மொத்தமாக வாங்கிக்கொள்வதே வசதி. முருங்கையும் கறிவேப்பிலையும் அந்த வெயிலுக்கு வீட்டுத் தோட்டத்திலேயே நன்றாக வரும், சில குளிர்கால இரவுகளில் விழும் பனியிலிருந்து மட்டும் கன்றை மூடிக் காக்க வேண்டும். வெளியூர் போனால் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுங்கள். அந்தி நேரத்தில் கங்காருக்கள் சாலைக்கு வந்துவிடும். வேலியில்லாத மேய்ச்சல் நிலங்களின் ஓரத்தில் மாடுகளும் குறுக்கே நிற்கும். வண்டிக்கு முன்பக்கக் கம்பித் தடுப்பு போடாமல் நான் முதல் ஆண்டு ஓட்டினேன். இரண்டாம் ஆண்டு போட்டுக்கொண்டேன்.